ஒரே மாதிரி இரண்டு கூலர்

கணினியின் சூட்டைத் தணிக்கும் கூலர் என்றாலே எனக்குப் பயம். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிவிட்டது, இன்னும் போகவில்லை. விலை உயர்ந்த ப்ராசஸரைக் கையில் எடுக்கும்போதுகூட எனக்கு இந்தப் பயம் வந்ததில்லை. ப்ராசஸர் கெட்டால் கணினி எழுந்திருக்காது, விஷயம் அன்றே தெரிந்துவிடும். கூலரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நாமும் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவோம்.

அசெம்பிளி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசும்படி சொன்னார்கள். திருகு எப்படி முடுக்குவது, கூலருக்கு அடியில் பேஸ்ட் எவ்வளவு தடவுவது என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரியாவிட்டால் ஆயிரம் வீடியோ இருக்கிறது. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். முப்பது வருட அனுபவம் இருந்தால் தவறு செய்ய மாட்டோம் என்று நினைக்காதீர்கள். அனுபவம் இருந்தால் அந்தத் தவறை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் எங்கள் கடை. வீட்டுக்கு வாங்கும் கணினிகளை நாங்கள் செய்வதில்லை. கட்டட வரைபடம், அனிமேஷன், ஆராய்ச்சிக் கணக்கு என்று பெரிய வேலை வைத்திருப்பவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். ஒரே மதர்போர்டில் இரண்டு ப்ராசஸர் போட்டு ஓட்டும் பெட்டிகள் என் பொறுப்பு. “ரெண்டு தலைப் பெட்டியா? கிரேஸ் மேடத்தைப் பாருங்க” என்று கடையில் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்காதா பின்னே!

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு, பிப்ரவரி மாதம், ஜெசிந்தா வந்தார். நாற்பது வயது இருக்கும். செம்பாக்கத்தில் தன் வீட்டு மாடியிலேயே அலுவலகம் வைத்திருந்தார். கட்டி வந்து தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகளுக்கு, அந்த இடைவெளியில் வைக்கும் டைட்டானியத் தகட்டை வடிவமைப்பது அவருடைய வேலை. ஸ்கேனைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வடிவம் முடிந்ததும், அந்த ஆள் மெல்லும்போது தகடு தாங்குமா, எங்கே விரிசல் விடும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பல்லால் கடிப்பது, வலது கடைவாயில் மெல்வது, இடது பக்கம் மெல்வது என்று ஒரு தகட்டுக்கு ஏழு விதமான கடி. ஒவ்வொரு கடிக்கும் பல மணி நேரம் ஓடும். ஏழும் சரி என்று வந்தால்தான் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஒப்புக்கொள்வார்.

“அக்கா, டாக்டருங்க ஒரு வாரம்தான் டைம் தர்றாங்க. என் பழைய மிஷின்ல கணக்கு முடியறதுக்குள்ள வாரமே முடிஞ்சிடுது,” என்றார் ஜெசிந்தா. “எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா வேணும்.”

அதனால்தான் ஓவர்கிளாக். தயாரித்தவர்கள் எழுதிக் கொடுத்த வேகத்துக்கு மேலே ப்ராசஸரை ஓட்டுவது. வேகம் கூடினால் சூடும் கூடும், சூட்டை வாங்கி வெளியே தள்ளக் கூலர் வேண்டும். தண்ணீர் ஓடும் கூலரா, காற்றில் இயங்கும் கூலரா என்று கேட்டார். காற்றுக் கூலரே போதும் என்று நான்தான் சொன்னேன். தண்ணீர்க் கூலரில் பம்ப் நின்றால் சத்தமில்லாமல் நிற்கும், ஃபேன் நின்றால் யார் கண்ணுக்கும் தெரியும். இதை இன்றும் சொல்வேன். என் தவறு அதில் இல்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். எந்தக் கூலருக்கு எத்தனை டிகிரி, எவ்வளவு சத்தம், எவ்வளவு உயரம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கனமான, உயரமான கூலர், இரண்டு ஃபேன், படித்த இடமெல்லாம் புகழ்ச்சி. அதையே இரண்டு வாங்கினேன். இரண்டு ப்ராசஸர், அதனால் ஒரே மாதிரி இரண்டு கூலர். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் சட்டை எடுப்பதுபோல. மாட்டி முடித்ததும் கண்ணுக்கு என்ன அழகாக இருந்தது தெரியுமா? முதலாளி ஃபோனில் படம் எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டார்.

நான் படித்த அத்தனை பேரும் அந்தக் கூலரை ஒற்றை ப்ராசஸரில் வைத்துச் சோதித்தவர்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

பிறகு சோதனை. கடையில் ஏசி எப்போதும் இருபத்திரண்டில் இருக்கும். எந்தப் பெட்டியைச் சோதித்தாலும் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சோதிப்போம். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டாமே என்பதற்காக வந்த பழக்கம். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் தெரியாது, நானாகவும் இருக்கலாம். ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. இன்னும் கொஞ்சம் சூடு குறையட்டும் என்று மின்னழுத்தத்தை ஒரு படி குறைத்து இறுக்கினேன், அப்போதும் பிழை இல்லை. சோதனைத் தாளில் ‘பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் பிறகு நான் எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா அழைத்தார்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். ஒரே கணக்கை ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு விடை வருமா?”

“கடைசி இலக்கத்துல ஏதாவது மாறியிருக்கும்.”

“கடைசியில இல்லக்கா. மூணாவது இலக்கத்துல.”

கையைத் துடைக்காமலேயே நின்றேன். நம் தொழிலில் இப்படிக் கேள்வி வந்தால் வாயில் தானாக வரும் பதில் ஒன்று உண்டு. உங்களுக்கும் வரும், ஜாக்கிரதை. “சாஃப்ட்வேரா இருக்கும்” என்பதுதான் அது. நானும் சொன்னேன்.

“இருக்கலாம். ஆனா திங்கக்கிழமை காலையில ஆபரேஷன். தகடு செய்யக் கொடுத்தாச்சு, சனிக்கிழமை வந்துடும். நான் சும்மா மனசு கேக்காமத்தான் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன்,” என்றார் ஜெசிந்தா. அவர் குரல் சரியாக இல்லை. “அக்கா, நீங்க வந்து பாக்குறீங்களா?”

சாப்பிடாமல் கிளம்பினேன். ரயில்வே சுரங்கப்பாதை வழியாகக் கிழக்குப் பக்கம் வந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். கேம்ப் ரோடு சிக்னலில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்டோவில் நான் என்ன ஜெபம் பண்ணினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆண்டவரே, இது சாஃப்ட்வேர் தப்பாக இருக்கட்டும். ஒரு மனிதனின் தாடை பற்றிய விஷயம், எனக்குக் கவலை என் பெட்டியைப் பற்றி. இப்போது சொல்லவே கூசுகிறது.

ஜெசிந்தாவின் மாடி அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அனல் அடித்தது. ஏசி நாலு நாளாக ஓடவில்லையாம். ஜன்னலைத் திறந்து வைத்து, மேசை ஃபேனைக் கணினிப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஏசி மெக்கானிக் ஒருவர் ஸ்டூலில் ஏறி நின்று சுவரில் இருந்த யூனிட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். காதில் பென்சில், தோளில் ஈரத் துண்டு. பெயர் கேட்கவில்லை, இன்றுவரை தெரியாது.

தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து கேபினட்டின் கதவைக் கழற்றினேன். உள்ளே தூசி அதிகம் இல்லை, ஃபேன் நாலும் சுற்றின. கதவைத் திறந்து வைத்துச் சோதனை ஓட்டினேன். சூடு ஏறியது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. பிழையும் வரவில்லை.

“பாத்தீங்களா, பெட்டி நல்லாத்தான் இருக்கு,” என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேலேயிருந்து மெக்கானிக் பேசினார். “மேடம், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்கண்ணா.”

“அந்த ரெண்டு பெரிய டப்பாவும் இன்னாத்துக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிக்குது?”

“அதுதான் கூலர். ப்ராசஸர் அந்த இடத்துலதான் இருக்கு.”

அவர் ஸ்டூலை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். முன்பக்க ஃபேனின் முன்னால் கையை வைத்தார். பிறகு இரண்டு கூலருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விரலை வைத்து உடனே எடுத்துக்கொண்டார்.

“மொட்ட மாடியில அவுட்டோர் யூனிட்ட இப்பிடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு மாட்டுனா எங்கள செருப்பால அடிப்பாங்க மேடம். முன்னாடி கீறது வுடுற சூட்ட பின்னாடி கீறது குடிச்சிகினு கீது. அதுக்கு நல்ல காத்து எங்க கீது? இப்ப கதவ தொறந்து வெச்சிக்கிறீங்க, சூடு சைடுல ஓடிடுது. மூடிட்டா இன்னா பண்ணும்?”

கதவை எடுத்து மாட்டினேன். இரண்டு திருகையும் முடுக்கினேன். மறுபடி சோதனை ஓட்டினேன்.

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்னால் இருந்த ப்ராசஸர் எழுபது டிகிரியைத் தாண்டி நின்றுவிட்டது. பின்னால் இருந்தது எழுபத்தெட்டு, எண்பத்துமூன்று, எண்பத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போனது. தொண்ணூற்றுநாலில் போய் நின்றது. ஜெசிந்தா என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருபதாவது நிமிடத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. கணக்குப் பிழை.

பெட்டி அணையவில்லை. திரை உறையவில்லை. அதுபாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது.

நான் இறுக்கி வைத்த மின்னழுத்தம் குளிர்ந்த அறையில் போதும். அந்தச் சூட்டில் போதவில்லை. அணைந்து தொலைத்திருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். அணையாமல் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது. எத்தனை நாளாக, எந்தக் கணக்கில், எத்தனை தடவை என்று யாராலும் சொல்ல முடியாது.

“அப்ப, நான் அனுப்பின ஏழும்?” என்றார் ஜெசிந்தா.

“தெரியல,” என்றேன்.

முதலாளிக்கு ஃபோன் செய்தேன். மொட்டை மாடிப் படியில் நின்று பேசினேன். அவர் கெட்டவர் இல்லை, கடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர். “பேஸ்ட் மாத்திட்டு, வேகத்தைக் கொஞ்சம் குறைச்சிட்டு வந்துடுங்க மேடம். இனிமே தப்பு வராது இல்ல? முடிஞ்சுபோனதை எதுக்குக் கிளறணும்? தகடு உடையும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

தெரியாது. உடையாது என்றும் தெரியாது. படியில் நின்றுகொண்டு நான் யோசித்ததை மறைக்காமல் சொல்கிறேன். வேகத்தைக் குறைத்துவிட்டு, ‘சரி பண்ணிட்டேன்’ என்று சொன்னால் ஜெசிந்தா நம்பியிருப்பார். நம்பத்தான் விரும்பினார். அவர் முகத்தில் அது தெரிந்தது. ஒரு நிமிடம், சரி, ஒரு நிமிடத்துக்கு மேலாகவே, அப்படிச் செய்யலாம் என்றுதான் நினைத்தேன்.

கீழே இறங்கி வந்து, “ஏழையும் மறுபடி ஓட்டணும் ஜெசிந்தா,” என்றேன்.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு கடிக்குப் பத்து மணி நேரம். ஏழுக்கு எழுபது. உடனே ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டு, தயாரித்தவர்கள் சொன்ன வேகத்தில் ஓட்டினால் ஒரு கடிக்குப் பதினாலு மணி நேரம். ஏழும் முடியத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆகும். அறுவை சிகிச்சை திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. வேறு கணினியில் போட்டு ஓட்டவும் வழியில்லை, அந்த மென்பொருளின் உரிமம் இந்தப் பெட்டியோடு கட்டிப்போட்டது.

“அக்கா, ஏசி இப்ப சரியாயிடும்,” என்றார் ஜெசிந்தா. “கதவைக் கழட்டி வெச்சு, ஃபேன் போட்டு, நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். முழு வேகத்துல ஓட்டலாம் இல்ல? கதவு திறந்திருந்தப்ப தப்பு வரலையே?”

ஆமாம், வரவில்லை. நான் அரை மணி நேரம்தான் பார்த்தேன். எழுபது மணி நேரத்தில் கரண்ட் போனால் யூபிஎஸ்ஸில் கணினி ஓடும், ஏசி ஓடாது. அந்த மாதத்தில் கரண்ட் போகாத நாள் எது?

“தாங்குமாக்கா?”

“அநேகமா தாங்கும்.”

“அநேகமான்னா?”

‘அநேகமா’ என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! டெலிவரி அநேகமா நாளைக்கு, ரேம் அநேகமா பொருந்தும், கூலர் அநேகமா போதும். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு ஜெசிந்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னால பாஸ்னு எழுதித் தர முடியாது ஜெசிந்தா. ஏற்கெனவே ஒரு தடவை எழுதித் தந்துட்டேன்.”

அவருக்குக் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். “உங்க பேச்சைக் கேட்டுத்தானே வாங்கினேன்! நான் டாக்டர்கிட்ட என்னன்னு சொல்வேன்? கூலர் சரியில்லைன்னா?” என்றார். ஃபோனில் எண்ணைப் போட்டு என் கையில் திணித்தார். “நீங்களே சொல்லுங்க.”

எடுத்தவர் அறுவை சிகிச்சை நிபுணர். கணினி செய்து கொடுத்தவள் என்றேன். சூடு, பிழை, இரண்டு விடை என்று கோர்வையில்லாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கணக்கு தப்புன்னு சொல்றீங்களா, தப்பா இருக்கலாம்னு சொல்றீங்களா?”

“தப்பா இருக்கலாம் டாக்டர்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. “எனக்கு அடுத்து ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கிறது வியாழக்கிழமைதான். அதுக்குள்ள எனக்கு ஏழும் வேணும்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓவர்கிளாக்கை முழுவதும் எடுத்தேன். மின்னழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். மெக்கானிக் ஏசியை முடித்துவிட்டு, அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, பின்னால் இருந்த கூலருக்குத் தனியாகக் காற்று வருவதற்கு ஒரு தடுப்பு செய்து வைத்தார். “இப்ப குடிக்கட்டும் நல்ல காத்த,” என்றார். நான் நன்றி சொன்னேன். “ஏசி வேலதான் மேடம் இது, சின்ன சைஸு,” என்று சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மதியம் மூன்று மணிக்கு முதல் கடியை ஓட்டினோம்.

நல்லது செய்துவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அது ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. மறுநாள் காலை நான் போய் உட்கார்ந்திருந்தபோது நோயாளியின் மனைவி ஜெசிந்தாவை அழைத்தார். ஜெசிந்தா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். நானும் கேட்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன்.

“இன்னாம்மா இது? திங்கக்கெயம திங்கக்கெயமன்னு நாள எண்ணிகினு கீறாரு மனுசன். மூணு மாசமா வெறும் கஞ்சி. அவரு தம்பி லீவு போட்டு ஊர்லேர்ந்து வந்துக்கிறாரு. வியாயக்கெயமன்னா அவரு திரும்பிப் போயிடுவாரு. இன்னாமோ மிஷினு கோளாறுன்னு சொல்றாங்க. மிஷினு கோளாறுக்கு எங்க வூட்டுக்காரரு இன்னாம்மா பண்ணுவாரு?”

ஜெசிந்தா சமாதானம் சொன்னார். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். என் பாரத்தை இறக்கி அந்த அம்மாவின் தலையில் வைத்தேன். அவர் கணவர் இன்னும் மூன்று நாள் கஞ்சி குடித்தார்.

அந்த நாலு நாளும் நான் காலையில் செம்பாக்கம் போவதும் மாலையில் திரும்புவதுமாக இருந்தேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு ப்ராசஸரின் சூட்டைக் காட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அறுபத்தொன்று, அறுபத்துநாலு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் முதலில் ஆராதனைக்குப் போனேன், பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பாதியில் எழுந்து வெளியே வந்து ஜெசிந்தாவை அழைத்து, “எவ்வளவு?” என்று கேட்டேன். அவரும் அப்போதுதான் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தார். “அறுபத்துமூணு, அறுபத்தஞ்சு,” என்றார்.

உட்கார்ந்திருந்த நேரத்தில் கூலரைப் பற்றி யோசித்தேன். இரண்டு ப்ராசஸர் முன்னும் பின்னுமாக இருந்தால், எது நல்ல கூலர் என்று கேட்கக் கூடாது. இதற்கு எந்தக் காற்று கிடைக்கும் என்று கேட்க வேண்டும். பள்ளியில் குரூப் ஃபோட்டோ எடுக்கும்போது உயரம் குறைந்தவர்களை முன்னால் நிறுத்துவார்களே, அதுபோல முன்னால் குட்டையான கூலர் வைத்தால் அதன் தலைக்கு மேலாகப் பின்னால் இருப்பதற்கும் புதுக் காற்று போகும். முன்னால் இருப்பதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரும். ஜோடிப் பொருத்தம் போய்விடும், படம் எடுத்தால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். சோதிக்கும்போது கதவை மூடுங்கள், ஏசியை அணையுங்கள். அந்தப் பெட்டி மே மாதத்தில் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அந்த அறையில் நீங்கள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்து சோதியுங்கள். பிறகு ஜெசிந்தாவுக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன். முழு ஓவர்கிளாக் கிடையாது. பாதிதான்.

நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் ஏசி நின்றதால், ஓடிக்கொண்டிருந்த கடியை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம், அதனால் கணக்கு முடியச் செவ்வாய்க்கிழமை ஆனது. ஏழாவது கடி மதியம் முடிந்தது. ஜெசிந்தா பழைய விடைகளையும் புதிய விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பார்க்கத் தைரியம் இல்லை.

“அஞ்சு அப்படியே இருக்கு,” என்றார். “ரெண்டு மாறியிருக்கு.”

“மாறினா?”

“இருங்க.” மவுஸைச் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. “எல்லைக்குள்ளதான் இருக்கு. தகடு தாங்கும்க்கா. அதே தகடுதான். ஒரு ஸ்க்ரூகூட மாத்த வேணாம்.”

அழுகை வந்தது, அழுதேன். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று சாயங்காலம் செய்தி வந்தது.

முதலாளி, “நான்தான் சொன்னேனே மேடம், ஒண்ணும் ஆகாதுன்னு,” என்றார். அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. ஆனால் இரண்டு விடை தப்பாகத்தான் இருந்தது. தப்பு எல்லைக்குள் விழுந்தது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. எல்லைக்கு வெளியே விழுந்திருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது, அந்த மனிதர் சோற்றை மெல்லும் வரைக்கும்.

இதோடு முடித்துக்கொண்டால் எனக்கும் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை, புதுக் கூலர் மாட்டுவதற்காகப் போயிருந்தேன். ஜெசிந்தாவின் கோபம் தணிந்திருந்தது. காபி கொடுத்தார். நான் பழைய கூலர்கள் இரண்டையும் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இதே மாதிரி ரெண்டு ரெண்டா வேற யாருக்காவது போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

இரண்டு பேருக்குப் போட்டிருந்தேன். ஜெசிந்தாவின் பெட்டி நன்றாக வந்ததைப் பார்த்துவிட்டு அதே மாதிரி கேட்டவர்கள். பள்ளிக்கரணையில் விளம்பரப் படத்துக்கு அனிமேஷன் செய்கிறவர் ஒருவர். அவருக்கு எங்காவது ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறியிருக்கும், போகட்டும். பீர்க்கன்கரணையில் இன்னொருவர். அவர் கட்டுமானப் பொறியாளர். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தூணும் விட்டமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர். அவர் கணக்கை வைத்து அஸ்திவாரம் தோண்டத் தொடங்கியிருப்பார்கள். தூண்கூட எழுப்பியிருக்கலாம்.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட எனக்கு அவர் ஞாபகம் வரவில்லை. ஜெசிந்தா கேட்காவிட்டால் வந்திருக்குமா என்றும் தெரியாது. கூலர் என்றால் எனக்கு இன்னும் பயம் இருப்பது அதனால்தான்.

முதலாளியிடம் கேட்கவில்லை. ஜெசிந்தாவின் வீட்டுப் படியில் நின்றே பொறியாளரை அழைத்தேன். உடனே எடுத்தார்.

“சொல்லுங்க மேடம், எப்படி இருக்கீங்க? உங்க மிஷின் அருமையா ஓடுது. ஒரு நாள்கூட நின்னதில்ல,” என்றார்.

“நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும் சார், அதுல போட்ட கணக்கெல்லாம் மறுபடி ஓட்டணும்,” என்று ஆரம்பித்தேன்.